மில் கேட்டுக்கு வெளியே நிற்கும் பொறுப்பு

தொழிலாளர் நிலைமை என்று பேச்செடுத்தாலே இப்போதெல்லாம் ஒரு பதில் தயாராக வந்துவிடுகிறது. சங்கம், கொடி, லேபர் இன்ஸ்பெக்டர், கோர்ட்டு, கேஸ் எல்லாம் போன தலைமுறையோடு போயிற்று; இன்றைய கம்பெனிகளுக்குச் சமூகப் பொறுப்பு வந்துவிட்டது; வெளிநாட்டு பையர் கேட்கிறார், பங்குதாரர் கேட்கிறார், கடையில் சட்டை வாங்குகிறவரும் கேட்கிறார்; ஆட்களை நன்றாக வைத்துக்கொண்டால்தான் தொழில் நிற்கும் என்று முதலாளிகளே புரிந்துகொண்டார்கள்; ஆகவே அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள், நல்லது தானாக நடக்கும். தொழில் கூட்டமைப்பு மேடைகளிலும் எம்.பி.ஏ. வகுப்புகளிலும் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களிலும் இதுதான் பாடம். தொழிலாளிமேல் உண்மையான அக்கறையுள்ள பலரும் இதை நம்புகிறார்கள். அவர்களிடம்தான் நான் பேச விரும்புகிறேன். இந்த நம்பிக்கை ஆலைக்குள் நிற்கிற ஆளுக்கு நேரடியாகக் கேடு செய்கிறது என்பது என் வாதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135ஆவது பிரிவு. ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது: பசி ஒழிப்பு, கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், கிராமப்புற விளையாட்டு என்று நீள்கிறது அந்தப் பட்டியல். தன் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாமா? முடியாது. சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமே பயன்படும் திட்டங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. 2021இல் வந்த திருத்தம் இன்னும் கறாராக, ஊழியர்களுக்குப் பலன் தரும் செயல்களையே சமூகப் பொறுப்பின் வரையறையிலிருந்து நீக்கியது. வேறொரு சட்டம் ஏற்கெனவே விதித்திருக்கும் கடமையை நிறைவேற்றிவிட்டு அதையும் இந்தக் கணக்கில் எழுத முடியாது.

இந்த விதி சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆலைக்காரர் தன் தொழிலாளிக்குச் செய்ய வேண்டியது கடன். ஊராருக்குச் செய்வது கொடை. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் கடன் மறைந்துவிடும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, நாட்டின் சமூகப் பொறுப்புச் சட்டம் தொழிலாளர் வாழ்வை உயர்த்தும் என்று மேடையில் பேசுகிறவர்கள் எதை வைத்துப் பேசுகிறார்கள்? அந்தப் பணம் மில் கேட்டுக்குள் நுழையவே அனுமதி கிடையாது. பக்கத்து அரசுப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை திறக்கிற கம்பெனியில், அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் பி.எஃப். கட்டாமல் நிற்கலாம். ஆண்டறிக்கையில் முதலாவதற்கு வண்ணப்படம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு வரியும் இருக்காது. வாங்கிய கடனை அடைக்காதவர் கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கித் தந்து அதில் உபயம் என்று பேரெழுதிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

தண்டனைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடாமல், உரிய கணக்குக்கும் மாற்றாமல் விட்டால் அந்தத் தொகையின் இரு மடங்கோ ரூ.1 கோடியோ, எது குறைவோ அது அபராதம். தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த கூலியைக் கொடுக்காமல் விட்டால்? 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.500 வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்குப் போன ஆலை அதிபரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆக, 70 ஆண்டுகளுக்கு மேலாகக் கூலியில் கைவைப்பதற்கான உயர்ந்தபட்ச அபராதம் 500 ரூபாயாக இருந்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை ரூ.50,000 வரை உயர்த்தியது உண்மை. கூடவே, ஆய்வாளர் என்ற அதிகாரியை ஆய்வாளரும் உதவியாளருமாக மாற்றி, வழக்குத் தொடுப்பதற்கு முன்னால் தவறைச் சரிசெய்துகொள்ள உரிமையாளருக்கு வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. பக்கத்து ஊர்க் குளத்தைத் தூர்வாராமல் விட்டதற்கு ஒரு கோடி வரை. உள்ளே நிற்கிறவரின் கூலியைக் குறைத்ததற்கு அரை லட்சம், அதுவும் எச்சரிக்கைக்குப் பிறகு. எந்தப் பொறுப்பு முக்கியம் என்று இந்த நாடு கருதுகிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இதற்கு மறுபக்கத்தில் ஒரு பதில் உண்டு. சமூகப் பொறுப்பு என்று நாங்கள் சொல்வது அந்த 2 சதவீதத்தை அல்ல. பிராண்டுகள் தங்கள் சப்ளையர்களுக்கு விதிக்கும் நடத்தை நெறிகளை, அவை ஒழுங்காகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் சமூகத் தணிக்கையை, சான்றிதழ்களைச் சொல்கிறோம் என்பார்கள். நல்லது, அதையும் பார்ப்போம்.

ஆடிட் நாள் எப்படி நடக்கும் என்பது திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் பழகியவர்களுக்குத் தெரியும். தேதி முன்கூட்டியே வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம், அவசர வழியை அடைத்துக் கிடந்த பண்டில்கள் வேறு குடோனுக்குப் போகும். கக்கூஸில் வாளியும் சோப்பும் வந்து உட்காரும். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்தை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களுக்கு மாஸ்க், கட்டிங் மாஸ்டருக்கு இரும்புக் கையுறை. கையுறை போட்டு வேகமாக வெட்ட வராது என்பதால் மறுநாள் அது பீரோவுக்குத் திரும்பிவிடும். வயது சந்தேகமான பிள்ளைகளுக்கும் காண்ட்ராக்டில் வருகிற ஆட்களுக்கும் அன்று லீவு. ஓ.டி. எழுதும் நோட்டு உள்ளே போய், எட்டு மணி நேரம் மட்டும் காட்டுகிற ரிஜிஸ்டர் மேஜைமேல் வரும். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்கம்மா?" "ஆறு மணிக்கு சார்." "ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் தர்றாங்களா?" "தர்றாங்க சார்." "சூப்பர்வைசர் திட்டுவாரா?" "இல்லீங்க சார்." இந்தப் பதில்களைச் சொல்லிக்கொடுத்த லைன் சூப்பர்வைசர், ஆடிட்டர் பேசும்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மனச்சாட்சியோடு ஆடிட் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். ஆடிட்டர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார். அறிக்கை மோசமாக இருந்தால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் வேலை போகும். வேலை போகாவிட்டாலும், யார் பேசியது என்று மாலைக்குள் தெரிந்துவிடும். அந்த அறிக்கையை அவர் பார்க்கப்போவதில்லை. அது பிராண்டுக்கும் கம்பெனிக்கும் நடுவிலான ரகசிய ஆவணம். அதில் எழுதியதை நிறைவேற்றச் சொல்லி எந்த நீதிமன்றத்திலும் அவர் வழக்குப் போட முடியாது. தன் நிலைமையைப் பற்றிய ஒரு விசாரணையில் தொழிலாளிக்குக் கிடைக்கிற இடம், ஒப்பிக்க வேண்டிய மூன்று பதில்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடத்தை நெறியை அனுப்புவது பிராண்டின் கம்ப்ளையன்ஸ் பிரிவு. அதே பிராண்டின் கொள்முதல் பிரிவு ஒரு பீஸுக்கு இன்னும் சில சென்ட் குறைக்கச் சொல்லும், ஷிப்மென்ட் தேதியை இரண்டு வாரம் முன்னுக்கு இழுக்கும், கடைசி நேரத்தில் கலரை மாற்றும். 40 மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற சின்ன முதலாளி இந்த இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? விலைக்கும் தேதிக்கும் கீழ்ப்படிவார், நெறிக்குக் காகிதம் தயார் செய்வார். அவர்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நகர்வது நியாயமில்லை. ராத்திரி ஷிப்டுக்கான காரணம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு விலைப்பட்டியலில் இருக்கிறது. அந்த விலைப்பட்டியலை எந்தச் சமூகத் தணிக்கையும் தணிக்கை செய்வதில்லை.

தணிக்கை உயிரையாவது காப்பாற்றுகிறதா? கராச்சியின் பல்தியா டவுனில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலன் சார்ந்த சான்றிதழ்களில் உலக அளவில் மதிப்புப் பெற்றது அது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அந்த ஆலை தீப்பிடித்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. 250க்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே வெந்து செத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேல்மாடித் தையல் ஆலைகளில் இருந்தவர்களை மறுநாள் காலை வேலைக்கு ஏறச் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு ஏறப் பயமாக இருந்தது. மறுக்கும் வலு இல்லை. அந்தக் கட்டடத்து ஆலைகளில் சமூகத் தணிக்கை நடந்திராமல் இல்லை, சங்கம்தான் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, நிர்வாகத்திடமிருந்து நம்பத்தக்க பதில் வராத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் 30 பேர் வரை தரையில் படுத்ததையும் தண்ணீர் வராத கழிப்பறையையும் அப்போதுதான் பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகே ஆப்பிள் தன் தரத்துக்கு விடுதிகளும் உணவுக்கூடங்களும் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2007 முதல் ஆண்டுதோறும் சப்ளையர் பொறுப்பு அறிக்கை வெளியிடுகிற நிறுவனம் அது. அத்தனை ஆண்டு அறிக்கைகளும் பார்க்காத கழிப்பறையை, தார்ச்சாலையில் ஓர் இரவு உட்கார்ந்த பெண்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கும். அவர்கள் அன்று காட்டிய துணிச்சலை நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆடை ஆலைகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை கொடுப்பார். பேர் கிடையாது, அட்டை கிடையாது, தேதி கிடையாது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டில் சுமார் 100 பெண்களிடம் பேசி இதை வெளியிட்டார்கள். வயிறு வலித்தால் கால் மணி நேரம் உட்கார வேண்டும். அது உடம்பின் இயற்கை. அந்தக் கால் மணி நேரத்தில் டார்கெட் விழும் என்பதால் கொடுக்கப்பட்டது அந்த மாத்திரை. அதைத் தின்றுவிட்டுத் தைத்த துணியும் நெறிமுறைப்படி தயாரானது என்ற உறுதிமொழியோடுதான் கப்பல் ஏறியிருக்கும்.

நல்ல முதலாளிகளே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை 1912இலேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. சட்டம் அதைக் கேட்டது எத்தனையோ வருடங்கள் கழித்து. எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த உதாரணம் இதுதான், இதை மறுக்க எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அதே ஜாம்ஷெட்பூரில் 1920இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது என்பதையும், தொழிலாளர் சங்கம் அதையொட்டித்தான் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்லவர் நடத்தினாலும், தன் கூலியைப் பற்றித் தானே பேச வேண்டும் என்று தொழிலாளிக்குத் தோன்றியது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பெரம்பூர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் தொழிலாளர் நலப் பணிகளுக்குப் பேர்போனவை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இன்றைய மொழியில் சொன்னால் முதல்தரமான சமூகப் பொறுப்பு. அதே ஆலைக்குள் மதியம் சாப்பிடக் கொடுத்த நேரம் போதவில்லை. வெள்ளைக்கார மேலதிகாரிகள் கை நீட்டினார்கள். இந்த இரண்டு குறைகளையும் சுமந்துகொண்டுதான் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும் போனார்கள். பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணையோடு, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பள்ளிக்கூடம் கட்டிய அதே நிர்வாகம் அந்தச் சங்கத்தை என்ன செய்தது? ஆலைக்குக் கதவடைப்புச் செய்தது. வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. அந்த வழக்குதான் நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கி, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணமானது. கொடுப்பதற்கு நிர்வாகம் தயாராகவே இருந்தது. கேட்கிற உரிமையைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சட்டத்துக்கு நூறு வயது ஆகப்போகிற நேரத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலையை நிறுத்தினார்கள். கூலி கேட்டார்கள், அதற்கும் முன்னால், தங்கள் சங்கத்தைப் பதிவுசெய்து தரச் சொன்னார்கள். சங்கத்தின் பேரில் கம்பெனியின் பேர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 37 நாள் பந்தலில் உட்கார்ந்தும், உயர் நீதிமன்றம் வரை போயும், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பெரம்பூர்த் தொழிலாளி அடி வாங்கிப் பெற்றுத் தந்த சட்டத்தின்படி ஒரு படிவத்தில் முத்திரை வாங்குவதற்கு இத்தனை பாடு. உலகமறிந்த நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளில் சங்கம் சேரும் உரிமை அழகாக அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சோதித்துப் பார்க்கிற இடம் இந்தப் பந்தல்.

சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்று அப்போது எழுதினார்கள். 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் இதைத்தான் சொன்னார்கள். விருப்பப்படுகிற தொழிலாளருக்கு மட்டும்தான், கட்டாயம் இல்லை என்றார்கள். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணிடம் சூப்பர்வைசர் விருப்பமா என்று கேட்டால், அவர் இல்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? எல்லாச் சங்கங்களும், ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். ஓடிப்போன முதலீடு எது என்று அதன் பிறகு யாரும் பட்டியல் தரவில்லை. துறைமுகம், மின்சாரம், படித்த ஆட்கள், உதிரிபாக ஆலைகள் என்று பார்த்து வருகிறவர்கள், ஆளுக்கு எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போக உரிமை இருக்கிறது என்பதற்காகத் திரும்பிவிடுவார்கள் என்பது மிரட்டல், பொருளாதாரம் அல்ல.

ஒரு நாற்காலியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தி. நகர் ஜவுளிக்கடைகளில் காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நிற்கிற பெண்களின் கால்களை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' ஊருக்கே காட்டியது. பார்த்து அழுதவர்கள் அதே கடைகளில் மறுவாரம் புடவை எடுத்தார்கள். கடைகள் கல்லூரி கட்டின, கோயிலுக்குக் கொடுத்தன, வெள்ள நிவாரணம் தந்தன. வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் வரவில்லை. தொழிற்சாலைகளுக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த இந்த வசதி, கடைகளுக்கு வரக் கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மூத்திரம் போக அனுமதி கேட்டுத் தொடங்கிய போராட்டம் அது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. ஒரு ஸ்டூலின் விலை ஒரு பட்டுப்புடவை விலையில் எத்தனையில் ஒரு பங்கு? பணமில்லாமல் அது தடைபடவில்லை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பைக் கொடை மாற்றாது. சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் இல்லாத கடைகள் இருக்கின்றன; ஆனால் இன்று அந்தப் பெண்ணால் அதைக் கேட்டுப் புகார் எழுத முடியும்.

சட்டம் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இதே ஆடைத் தொழிலின் குறைந்தபட்சக் கூலியை 2014இல் அரசு உயர்த்தியபோது நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போய் இழுத்தடித்தன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதிசெய்யும் வரை பழைய கூலியே ஓடியது. சட்டத்தைப் பிடித்து இழுத்துவர ஆள் வேண்டும். அந்த ஆள் உள்ளே வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், அவர் பேசினால் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் என்ன நடந்திருக்கிறது என்று காட்ட என்னிடம் இரண்டு சாட்சிகள் உண்டு.

ராணா பிளாசா விழுந்த சில வாரங்களில் வங்கதேசத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் பிராண்டுகள், மறுபக்கம் தொழிற்சங்கங்கள். காலப்போக்கில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. கம்பெனியின் சம்பளம் வாங்காத பொறியாளர்கள் கட்டடங்களைப் பார்த்தார்கள். அறிக்கைகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை கிடைத்தது. பழுது பார்க்கப் பணம் கிடைக்கும்படி செய்வதற்கு பிராண்டுகள் பொறுப்பேற்றன. சொன்னபடி செய்யாத பிராண்டுகளைச் சங்கங்கள் தி ஹேக் நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுத்துச் சென்று பணம் வாங்கின. பல ஆண்டுத் தணிக்கை செய்யாததை, நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற ஒரு வாசகம் செய்தது.

இரண்டாவது சாட்சி திண்டுக்கல். நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையானார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பல மாதங்களாக அவர் தொல்லை கொடுத்துவந்ததாகக் குடும்பத்தாரும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். உலகின் பெரிய பிராண்டுகளுக்குத் தைத்த ஆலை அது. நடத்தை நெறி சுவரில் இருந்திருக்கும், புகார்ப் பெட்டி தொங்கியிருக்கும். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. ஓராண்டுக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது, கேப், பி.வி.எச். ஆகியவையும் பின்னால் சேர்ந்தன. ஒவ்வொரு லைனிலும் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். அவர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. புகாரை விசாரிக்க நிர்வாகத்துக்கு வெளியே ஆட்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கினால், ஒப்பந்தத்தை மீறினால், பிராண்டு ஆர்டரைக் குறைத்தாக வேண்டும்.

முதல் ஆண்டில் மட்டும் 180க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அனேகமாக எல்லாம் தீர்க்கப்பட்டன. சமூகப் பொறுப்பு நிபுணர்கள் புகார் இல்லாத ஆலையை நல்ல ஆலை என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். அதே பெண்கள்தான், அதே மிஷின்கள்தான், பேசினால் வேலை போகாது என்று தெரிந்தவுடன் இத்தனை குறைகள் வெளியே வந்தன. சூப்பர்வைசர் ஏடாகூடமாகப் பேசுவதும், பஸ் நேரமும், கழிப்பறைக்குப் போகிற நேரமும் அவற்றில் உண்டு. பாத்ரூம் போய்வந்ததற்காகத் திட்டு வாங்கிய ஒருவர், அந்த லைனிலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணிடம் போய்ச் சொல்ல, மறுநாள் அந்தத் திட்டு நிற்பது என்பது, ஒரு டேபிளில் பன்னிரண்டு வருடம் தலைகுனிந்து தைத்தவருக்கு என்ன என்பதை ஸ்மார்ட் வகுப்பறை திறக்கிறவர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

ஆகவே 2 சதவீதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. குளத்தைத் தூர்வாரட்டும், பள்ளிக்குக் கொடுக்கட்டும். தொழிலாளர் நலன் என்ற தலைப்பில் மட்டும் அதைப் பேச வேண்டாம். அந்தத் தலைப்பில் ஆண்டறிக்கை எழுத விரும்புகிற நிறுவனம் சில விஷயங்களை வெளியிடட்டும்: ஆலையில் கொடுக்கப்படும் ஆகக் குறைந்த கூலி எவ்வளவு, காண்ட்ராக்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, சங்கம் இருக்கிறதா, அதோடு கடைசியாகக் கூலி ஒப்பந்தம் போட்டது எந்த ஆண்டு. அரசு தன் பங்குக்குக் காலியாகக் கிடக்கும் ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பட்டும். ஆய்வாளர் சொல்லிக்கொள்ளாமல் ஆலைக்குள் நுழையும் அதிகாரத்தை மீட்டுத் தரட்டும்.

பிராண்டுகளுக்கு வேலை இன்னும் எளிது. திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரே குழுமத்தின் சில ஆலைகளோடு நின்றுவிட்டது. வேடசந்தூரிலிருந்து பல்லடம் வரை, ஈரோட்டிலிருந்து ராஜபாளையம் வரை, விடுதியில் பெண்களை வைத்து வேலை வாங்கும் நூற்பாலைகளும் தையல் ஆலைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யார் அவற்றிடமிருந்து வாங்குகிறார்கள் என்பது அந்த ஆலைகளின் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகம் தயாராக இருக்கிறது. சங்கமும் தயாராக இருக்கிறது. அடுத்த சீசன் ஆர்டர் போடும்போது அந்த ஒப்பந்தத்தில் பிராண்டுகள் கையெழுத்திடட்டும்.